ரோட்டில் படாத ஷூ

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் என் மனைவி வந்து சொல்லுவாள், நான் மறுப்பேன், உங்களுக்கும் நேரம் வீண். கார் ஓட்டுவதற்கென்றே தனியாக ஒரு ஜோடி ஷூ வாங்கியவன் நான். அதுவும் பந்தயக் கார் ஓட்டுகிறவர்கள் போடுகிற ஷூ. அப்போது என்னிடம் இருந்த காரோ, வேகம் அறுபதைத் தாண்டினால் நான்கு கதவுகளும் சேர்ந்து பஜனை பாட ஆரம்பிக்கும் ரகம்.

சும்மா வாங்கிவிடவில்லை. மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். பிளஸ் டூ பிள்ளைகளின் இயற்பியல் விடைத்தாள்கள் திருத்தப்படாமல் கிடக்க, வாத்தியாராகிய நான் செல்போனில் ஷூ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். (ஆமாம், நான் இயற்பியல் வாத்தியார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்ட உதவும்.) அடிப்பாகம் அப்பளம் போல மெலிசாக இருக்குமாம். குதிகாலில் ரப்பரை உருண்டையாக வளைத்துவிட்டிருப்பார்களாம். ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிக்கலாமாம். ஒரே காலால் இரண்டையும் மிதித்துக்கொண்டு செங்கம் ரோட்டில் எங்கே போகப் போகிறேன் என்று நான் யோசிக்கவே இல்லை. விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது. அதில்தான் விழுந்தேன். ‘வெறுங்காலால் ஓட்டுவது போன்ற உணர்வு.’

பார்சல் வந்தது. சிவப்பு நிறம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. விலையைக் கேட்காதீர்கள். என் மனைவி கோமதிக்கே இன்னும் தெரியாது.

அந்த ஷூவுக்கு ஒரு சட்டம் உண்டு. தரையில் படக் கூடாது. அடியில் மண்ணோ எண்ணெயோ ஒட்டினால் பெடலில் வழுக்கும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். அதனால் நான் வெறுங்காலோடு கார் வரை நடந்துபோய், சீட்டில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து ஷூவை எடுத்து மாட்டி, நாடாவைக் கட்டி, வண்டி ஓட்டி, சேர வேண்டிய இடம் சேர்ந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வெறுங்காலோடு இறங்குவேன். எங்கள் ஊரில் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவார்கள். நான் ஒருவன்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டேன்.

“ஏங்க, மார்க்கெட்டுக்குப் போவ அஞ்சு நிமிஷம். இத மாட்டிக் கழட்ட பத்து நிமிஷம். நடந்தே போய்ட்டு வந்துடலாம்ல?” என்பாள் கோமதி.

“உனக்குப் பெடல் ஃபீல்னா என்னன்னு தெரியாது.”

“தெரியாமலே இருந்துட்டுப் போறேன்.”

இந்த இடத்தில் கோமதியின் அண்ணன் ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழுமலை மச்சான் பதினைந்து வருடமாக டிரைவர். ஆசிரமம் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் நின்று, வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது, கூட்டிவருவது. எல்லாம் அடுத்தவர் வண்டி. வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலில்தான் ஓட்டுவார். பதினைந்து வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. இப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஷூவைத் தூக்கிக் காட்டி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தேன். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

“அதாவது மாப்ள, இத போட்டா வெறுங்கால் மாதிரியே இருக்கும்?”

“அப்படியே இருக்கும் மச்சான்.”

“அப்ப வெறுங்கால்லயே ஓட்டிடலாமே?”

பாவம், விஞ்ஞானம் தெரியாதவர் என்று நினைத்துச் சிரித்தேன். நான் சிரித்த அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு வேர்க்கிறது.

அந்த வருடம்தான் மச்சான் சொந்தமாக ஒரு கார் எடுத்தார். வெள்ளைக் கார், புத்தம் புதுசு. சீட்டில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கிரிவலப் பாதையில் உள்ள ஒரு பிள்ளையார் கோயிலில் பூஜை. பதினோரு மணிக்கு முதல் சவாரி. மூன்று மாதம் ஊரில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரரை விமானத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். “உன் சொந்த வண்டி வந்தா நான்தான் முதல் ஆளு” என்று அந்த மனிதர் மச்சானிடம் வாக்குக் கொடுத்திருந்தாராம். பதினைந்து வருடம் காத்திருந்து கிடைத்த பதினோரு மணி அது.

இதற்குள் நான் எப்படி வந்தேன் என்றால், ஜோசியர் வழியாக வந்தேன். மச்சானுக்கு அஷ்டமச் சனி நடக்கிறது, வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் முதலில் ஏற்றுவது அவராக இருக்கக் கூடாது, வீட்டில் சிம்ம ராசிக்காரர் யாராவது ஏற்றட்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். குடும்பத்தில் சிம்ம ராசி, லைசென்ஸ் இரண்டும் உள்ள ஒரே ஜீவன் நான்.

“ஒரு சுத்து உருட்டுனா போதும் மாப்ள. பழம் நசுங்குச்சா, நிறுத்திடுங்க. அவ்ளோதான்” என்றார் மச்சான். குரலில் கவலை இருந்தது. எனக்கு அது மரியாதை மாதிரிக் கேட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. காருக்கு மாலை, வாழைக்கன்று, சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. கோமதி அண்ணன் மேல் வைத்திருக்கும் பாசம் முழுவதையும் சந்தனமாகக் குழைத்து வைத்தாள். ஸ்டியரிங்குக்கு வைத்தாள். கியருக்கு வைத்தாள். நான் துணிப்பையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

“ஏங்க, பெடல் மூணுத்துக்கும் வெச்சிருக்கேன். அதுவும் வண்டியோட உறுப்புதானே?”

“நல்லது” என்றேன். (உராய்வு விசை பற்றிப் பத்து வருடம் பாடம் நடத்தியவன் சொன்ன பதில் இது.)

அப்போதுதான் குருக்கள் என் காலைப் பார்த்தார்.

“சார், பூஜை போட்ட வண்டி. காலணியக் கழட்டிட்டு ஏறுங்கோ.”

நியாயமான பேச்சு. எந்த மனிதனும் கழற்றியிருப்பான். நான் காலைச் சீட்டிலிருந்து வெளியே நீட்டி, அடிப்பாகத்தை அவருக்குக் காட்டினேன். “சாமி, இது நடக்கிற ஷூ இல்ல. ஓட்டுற ஷூ. இதுவரைக்கும் ரோட்டுலயே பட்டதில்ல. பாருங்க, ஒரு தூசி இருக்குதா?”

குருக்கள் குனிந்து பார்த்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ வண்டிக்குப் பூஜை போட்டிருப்பார். தன் ஷூவின் அடியைப் பார்க்கச் சொன்னவன் நான்தான் முதல் ஆள் போலிருக்கிறது.

“ஷூன்னா ஷூதானே சார்?”

“மாப்ள, கழட்டிடுங்களேன்” என்றார் பக்கத்து சீட்டில் இருந்த மச்சான், மெதுவாக.

“மச்சான், உங்க வண்டிமேல இருக்கற அக்கறையிலதான் சொல்றேன். இது இல்லாம எனக்கு கன்ட்ரோல் கம்மி.”

பின்னால் இன்னொரு வண்டி பூஜைக்குக் காத்திருந்தது. குருக்கள் பெருமூச்சு விட்டார். சரி, சுத்தி பண்ணிவிடுகிறேன் என்று சொம்புத் தீர்த்தத்தை எடுத்து என் இரண்டு ஷூ மேலும், நல்லவர், தாராளமாகவே தெளித்தார். வாதத்தில் ஜெயித்துவிட்டேன். ஈரமான ஷூவை உள்ளே இழுத்து, சந்தனம் பூசிய பெடல் மேல் வைத்தேன்.

நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். தேங்காய் உடைந்தது. கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். நான் கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே உறுமவிட்டேன். பந்தயத்தில் அப்படித்தான் செய்வார்கள்.

கிளட்சில் இருந்த கால் வழுக்கியது.

அடுத்து நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகும், நடக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கவில்லை, தாண்டியது. பிரேக்கை மிதித்தேன். அதிலிருந்தும் கால் வழுக்கி, எதன் மேல் விழக் கூடாதோ அந்தப் பெடல் மேலேயே விழுந்தது. ஒரே காலால் இரண்டையும் மிதிக்கும் அந்த வித்தையை, பயிற்சியே இல்லாமல், முதல் முயற்சியிலேயே செய்துவிட்டேன். மச்சான் “மாப்ள” என்று கூடச் சொல்லவில்லை. கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கார் நின்றது. எங்கே நின்றது என்றால், கோயில் வாசலில் கிரிவலம் போகிறவர்கள் செருப்பு விடுகிற மர அடுக்குக்குள் பாதி நுழைந்து நின்றது.

முதலில் மேல் தட்டிலிருந்து ஒரு செருப்பு வழுக்கி வந்து கண்ணாடி மேல் விழுந்தது. அதன் ஜோடி அதற்குப் பின்னாலேயே வந்தது. பிறகு எல்லாம் வந்தன. ஹவாய், தோல், குதி உயர்ந்தது, குழந்தைகள் நடந்தால் கீச்கீச்சென்று கத்துவது என்று பூஜை போட்ட புதுக் கார் மேல் செருப்பு மழை.

நல்லவேளையாக அங்கே ஆள் இல்லை. செருப்பு அடுக்கைப் பார்த்துக்கொள்கிற மல்லிகா அக்கா சுண்டல் வாங்க இந்தப் பக்கம் வந்திருந்தார். தொன்னையோடு நடந்துவந்து காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

“இன்னா சார், செருப்பு விடறவங்க எறங்கி வந்து விடுவாங்க. நீ வண்டியோட வந்து விடற?”

நான் இறங்கினேன். அந்த ஷூ முதன்முதலாகத் தரையைத் தொட்டது அப்போதுதான்.

மச்சான் முன்னால் போய்க் குனிந்தார். பம்பர் ஒரு பக்கம் பிளந்து தொங்கியது. விளக்கு பிழைத்திருந்தது. மணி ஒன்பதே முக்கால். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத அந்தச் சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். கோமதி அழுதுகொண்டே பெடலில் இருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தாள். “நான்தான் வெச்சேன்ணா, நான்தான் வெச்சேன்” என்றாள். என் தப்பைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடைத்தும் எனக்கு ஆறுதலாக இல்லை.

“அழுவாத. வண்டி ஓடுது இல்ல?” என்றார் மச்சான். வாழைக்கன்று கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து பம்பரை இழுத்துக் கட்டினார். கயிறு தெரியாமல் இருக்க அதன் மேல் சாமந்தி மாலையைச் சுற்றினார். வெறுங்காலோடு ஏறி, பின்னால் எடுத்து, குருக்கள் புதிதாக வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் பூ மாதிரி ஏற்றி, நிறுத்தாமல் அப்படியே போய்விட்டார். அஷ்டமச் சனி அன்று என் வடிவில் வந்து முடிந்துவிட்டதென்று நினைத்திருப்பார்.

எனக்கு வேலை அதன் பிறகுதான் ஆரம்பித்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு செருப்பு விட்டவர்கள் எல்லோரும் மலையைச் சுற்றப் போயிருந்தார்கள். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து, கால் கொப்பளித்துத் திரும்பி வந்து டோக்கனை நீட்டுவார்கள். அதற்குள் எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து அதனதன் எண்ணில் வைக்க வேண்டும். மல்லிகா அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டபடி மனப்பாடமாகச் சொன்னார்.

“நீலப் பட்ட, எட்டு. வார் அறுந்து ஊக்கு குத்திக்கீது பாரு, அது நாப்பத்தி ரெண்டு. ஐய, அது ரெண்டும் எடது காலு சார். நீ இன்னா வாத்தியாரு?”

“இயற்பியல்.”

“அதான்.”

வெயிலில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து ஊரார் செருப்பை ஜோடி சேர்த்தேன். காலில் சிவப்பு ஷூ. போகிறவர்கள் என்னைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் என்று நினைத்து டோக்கன் கேட்டார்கள். ஒருவர், பாவம், “உனக்கு யூனிஃபார்ம் ஷூ எல்லாம் குடுக்கறாங்களாப்பா?” என்று விசாரித்தார்.

எல்லாம் ஜோடி சேர்ந்தன, ஒன்றைத் தவிர. அறுபத்தேழாம் எண் செருப்பு சக்கரத்துக்கு அடியில் போய் இரண்டாகப் பிளந்திருந்தது. எலுமிச்சம்பழத்துக்கு நடக்க வேண்டியது அதற்கு நடந்திருந்தது. சொந்தக்காரர் அடி அண்ணாமலை கிராமத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். பிளந்ததைப் பார்த்துவிட்டு, கொப்பளித்த காலோடு ரோட்டைப் பார்த்தார். தார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் நாடாவை அவிழ்த்தேன்.

அவர் போட்டுக்கொண்டு நாலடி நடந்து பார்த்தார். அளவு அச்சாகப் பொருந்தியது. பிறகு ஒரு விமர்சனம் சொன்னார். மூன்று வாரம் நான் பார்த்த அத்தனை வீடியோவும் சேர்ந்து சொன்னதை ஒரே வரியில் சொன்னார்.

“கால்ல ஒண்ணுமே போடாத மாதிரி கீது தம்பி.”

பாராட்டா, குறையா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. அந்தத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வீடு வந்தேன். பெடல் ஃபீல் எப்படியோ, ரோடு ஃபீல் அன்றைக்கு முழுதாகக் கிடைத்தது.

சாயங்காலம் மச்சான் போன் செய்தார். ஜெர்மன்காரர் பதினோரு மணிக்குத் தயாராக நின்றாராம். பம்பரில் சுற்றிய மாலையை இந்த ஊர் வழக்கம் என்று நினைத்து, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாராம். விமான நிலையத்தில் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மச்சான் அவரை இறக்கிவிட்டாராம். “ஒண்ணும் கொறையில்ல மாப்ள, நீங்க சாப்டீங்களா?” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கார்ப் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் சிலர் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள், சார் அந்த மாதிரி ஷூ வாங்கலாமா என்று. கேலி செய்யாமல் பதில் சொல்கிறேன். வாங்கலாம். கெட்ட ஷூ இல்லை அது. தடித்த செருப்பையும் நழுவுகிற ஹவாயையும் போட்டுக்கொண்டு ஓட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். அடி மெலிசாக, காலை விட்டு நழுவாமல் இருக்கிற சாதாரண ஷூ வீட்டிலேயே இருந்தால் அதுவும் போதும். பந்தயம் ஓட்டினால் தனி ஷூ வேண்டும். காந்தி சிலையைச் சுற்றி ஓட்டுவதற்கு வேண்டாம். ஆசை என்றால் வாங்குங்கள், ஆசைக்குக் கணக்குக் கேட்க நான் யார்? ஆனால் போட்டுக்கொண்டவன் அதைக் கழற்றச் சொன்னால் கழற்றத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் எந்த விசேஷமானாலும், நான் வாசலில் கால் வைத்ததும் யாராவது ஒருவர் “டோக்கன் நம்பர் இன்னா?” என்று கேட்காமல் விடுவதில்லை. சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கின்றன. அந்தப் பம்பரை நான்தான் மாற்றிக்கொடுத்தேன். மச்சான் பழைய பம்பரைத் தூக்கிப் போடாமல் ஷெட்டில் மாட்டி வைத்திருக்கிறார்.

போன மாதம் அவர் இரண்டாவது கார் எடுத்தார். அதே கோயில், அதே குருக்கள். செருப்பு அடுக்கை மட்டும் இரும்பில் புதிதாகச் செய்து, பத்தடி தள்ளிப் போட்டிருந்தார்கள். சிம்ம ராசிக்காரன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

“மச்சான், இந்தத் தடவையும் பழத்து மேல நானே ஏத்தட்டுமா? பாருங்க, கால்ல ஒண்ணுமே இல்ல.”

மச்சான் தன் செருப்பைக் கழற்றி என் பக்கமாகத் தள்ளினார்.

“நீங்க இதப் பாத்துக்கோங்க மாப்ள.”