ஆசிட் அண்ணே கழுவிய கல்

பினாங்குத் தீவு முழுக்கத் தேடினாலும் புளிப்பை வைத்து இத்தனை நாசம் செய்தவர் எங்கள் ஆசிட் அண்ணே ஒருத்தர்தான். நிஜப் பெயர் ஃபிளாட்டில் யாருக்கும் தெரியாது. அறுபது வயசாகியும் எல்லாருக்கும் அண்ணே. கடைகளில் கக்கூஸ் கழுவுகிற கான்ட்ராக்ட் வேலை. மோட்டார் சைக்கிள் கூடையில் லேபிள் இல்லாத பாட்டில்கள் குலுங்கும். அதில் எது குடிக்கிற தண்ணீர் என்று முகர்ந்து பார்த்தால்தான் அவருக்கே தெரியும்.

உலகத்தில் மொத்தம் ரெண்டே கட்சி என்பார். புளி, எலுமிச்சை, வினிகர், பேட்டரித் தண்ணி எல்லாம் புளிப்புக் கட்சி. சோப்பு, சாம்பல், ஆப்பசோடா, கேஸ்ட்ரிக் மருந்து எல்லாம் சோப்புக் கட்சி. ரெண்டையும் அளவாகச் சேர்த்தால் சண்டை தீர்ந்து உப்பும் தண்ணியும்தான் மிஞ்சும். இதைக் கேட்காமல் எங்கள் லிஃப்டில் ஒருத்தரும் மேலே போனதில்லை. லிஃப்ட் பழுதானால் படியில் கூடவே ஏறி வந்து சொல்லுவார்.

எது எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க, சங்குப்பூ ஊறவைத்த நீலத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் அடைத்துப் பாக்கெட்டில் வைத்திருப்பார். புளிப்பில் விட்டால் ரோஸ் ஆகும், சோப்பில் விட்டால் பச்சையாகும். மனுஷன் அதோடு நிறுத்தினாரா? தோசைக் கடையில் முன்பின் தெரியாத ஒருத்தருடைய சாம்பாரில் ஊற்றினார். நிறம் மாறவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். இவரோ சாம்பாரையே முறைத்தபடி, "இது எதையோ மறைக்குது லா," என்றார்.

இன்னொரு நாள் எதிர்வீட்டு பாத்ரூமில் ஆசிட்டோடு பிளீச்சைக் கலந்தார். கிளம்பின விஷக்காற்றில் மூன்றாம் மாடி மொத்தமும் இருமிக்கொண்டே கார் பார்க்குக்கு ஓடினோம். எங்களுக்குக் கண் எரிகிறது, இவர் விளக்கம் கொடுக்கிறார். பிளீச்சும் சோப்புக் கட்சிதானாம். நியாயப்படி சண்டை தீர்ந்திருக்க வேண்டுமாம். பிளீச் துரோகம் பண்ணிவிட்டதாம்.

அதற்கப்புறம் எல்லா வீட்டுக் கதவும் அவருக்கு மூடிக்கொண்டது, எங்கள் வீட்டைத் தவிர. அம்மாவுக்கு கேஸ்ட்ரிக். ஆப்பசோடாவில் எலுமிச்சை பிழிந்து பொங்கப் பொங்கக் கொடுப்பார். அம்மா குடித்துவிட்டு, கீழ் மாடிக்குக் கேட்கிற மாதிரி ஓர் ஏப்பம் விட்டுவிட்டுச் சிரிப்பாள்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். ஃபார்ம் த்ரீயோடு படிப்பை விட்டுவிட்டு சிம்பாங் அம்பாட் ஃபேக்டரிக்குப் போன எனக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. இப்போது அவள் பெயர் இருக்கிற ஒரே இடம் கல்லறையில் வைத்த வெள்ளை மார்பிள்தான். நிபோங் திபாலில் இருக்கிற சின்னம்மா தேடித் தேடி எடுத்த கல் அது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். ஆசிட் அண்ணே முட்டி போட்டுக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல் மேலே வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

"பாரு பாப்பா, அழுக்கு எப்படி நுரைச்சிக்கிட்டு வருதுன்னு."

நுரைத்தது அழுக்கு இல்லை, கல்லு. அம்மா பெயரின் கருப்புச் சாயம் வழிந்து, எழுத்தெல்லாம் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி மழுங்கியிருந்தது. நான் கத்தின கத்தலில் அவரும் குனிந்து பார்த்தார். அவசரமாக ஆப்பசோடாத் தண்ணியைக் கொட்டினார். நுரை அடங்கியது. கரைந்த கல் திரும்பி வரவில்லை.

"மார்பிளு சுண்ணாம்புதான்மா. புளிப்பு பட்டா கரைஞ்சிரும். எனக்குத் தெரியும்." கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார். "அக்கா பேரு மேல காக்கா எச்சம் இருந்துச்சு. அதைத்தான் பார்த்தேன்."

அறிவு கெட்ட மனுஷன். வாழ்க்கை முழுக்க ஒரே பாடம், அதையும் பரீட்சை அன்றைக்குப் பார்த்து மறந்தவர். நாளைக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது என்று விரட்டினேன்.

வந்தார். மெழுகுவர்த்திப் பாக்கெட்டோடு கேட்டுக்கு வெளியே நின்றார். பாட்டில் இல்லை என்று காட்ட, போட்டிருந்த சிலுவாரின் ரெண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டிருந்தார். ஆட்கள் வர வர, ஒவ்வொரு கல்லறையாக ஒளிந்து நகர்ந்து எனக்கும் சின்னம்மாவுக்கும் பின்னாலேயே வந்துவிட்டார்.

சின்னம்மா கல்லைத் தடவினார். தடவின கை பாதியில் நின்றது.

"யாரு வேலைடி இது? ஆளைக் காட்டு."

காட்டினால் போதும். அந்த மனுஷன் ஜென்மத்துக்கும் அம்மா கல்லறைப் பக்கம் வர முடியாது. சின்னம்மா விடமாட்டார். அது அண்ணனுக்கும் தெரியும், தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரும் இல்ல சின்னம்மா. மட்டமான கல்லு. மழையிலயே கரைஞ்சிருச்சு," என்றேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "மழையா? மழைத்தண்ணி அவ்ளோ புளிப்பு இல்ல பாப்பா. இப்படிக் கரையணும்னா எத்தனையோ வருஷம்..."

தன்னைக் காப்பாற்றுகிற பொய்யைக்கூடத் திருத்துகிற ஆளை என்ன செய்வது?

"வாய மூடிக்கிட்டு இந்த மெழுகுவர்த்தியப் பிடிங்கண்ணே."

பிடித்தார். கடல் பக்கமிருந்து காற்று வீசியது. காற்றை மறைக்க அந்தப் பக்கமாக அவரை நிறுத்தி வைத்துத்தான் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.