ஒரு டம்ளர் டீயும் கொஞ்சம் காற்றும்

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. மெத்தைக் கம்பெனியின் விற்பனை சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை காலை முதல் எல்லா ஆசைகளையும் துறந்துவிட்டார். சாயங்காலம் முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை இந்தத் துறவு அமலில் இருக்கும்.

"ஏங்க, சோபாவையுமா துறக்கணும்?" என்றாள் மனைவி.

"சோபாதான் முதல்ல. அந்தப் பக்கம் பிடி."

துறவுக்குக் காரணம் மேனேஜர் நாற்காலி. பழைய மேனேஜர் ஓய்வு பெற்றதிலிருந்து அது காலியாகக் கிடந்தது. ஆசைப்பட்டவர்கள் எல்லாம் முதலாளியிடம் போய் ஆசையைச் சொல்லிவிட்டு வந்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் மூளையை உபயோகித்தார்.

"எனக்குப் பதவி, பணம் எதுவும் வேண்டாம் சார். ஜன்னலோரம் கொஞ்சம் காத்து, ஒரு டம்ளர் டீ. வெறுந்தரையில படுத்தாலும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன். சந்தோஷத்துக்குக் குறைச்சலே இல்லை."

மெத்தை முதலாளியிடம் வெறுந்தரையைப் புகழ்ந்துவிட்டோமே என்று அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெறுந்தரையிலயா? நிஜமாவா? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து பாக்குறேன்."

ஆகவே சோபா மாடி வீட்டுக்குப் போனது. டிவி போனது. கட்டிலும், ஊழியர் சலுகையில் வாங்கிய மெத்தைகளும் போயின. மாடி வீட்டுக்காரர் அதற்குள்ளேயே சோபாவில் காலை நீட்டிப் படுத்து டிவி பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"பிரிட்ஜாவது இருக்கட்டும்" என்றாள் மனைவி.

"பிரிட்ஜ் வெச்சிருக்கிறவன் எளிமையைப் பத்திப் பேசினா நம்புவாரா?"

அதுவும் மாடி ஏறியது. மத்தியானத்துக்குள் டீக்கு வைத்திருந்த பால் திரிந்துவிட்டது.

"ஓடிப்போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

"எனக்கு ஏதுடி நேரம்? இன்னும் காத்துக்கு ஏற்பாடு பண்ணலை!"

காற்று பெரும் பாடாக இருந்தது. ஏசி மாட்டிய நாளிலிருந்து ஜன்னலைத் திறந்ததில்லை. போதாக்குறைக்கு இரண்டு கதவையும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தள்ளிப் பார்த்தார். கத்தியால் நெம்பினார்; கத்தி முனை ஒடிந்தது. கடைசியில் சுத்தியலால் ஒரே போடு. ஜன்னல் திறக்கவில்லை. கழன்று வெளியே தெருப்பக்கம் விழுந்தது.

"காத்து வந்துடுச்சு" என்றாள் மனைவி. கூடவே தெருப் புழுதியும் வந்தது.

கழற்ற முடியாத ஏசிக்குப் போர்வை போர்த்தினார்கள். ஹால் சுத்தமாகக் காலி. மகள் நடுவில் நின்று "ஓ!" என்று கத்திப் பார்த்தாள். வீடு திருப்பி "ஓ!" என்றது. மனைவியும் கத்திப் பார்த்தாள். அவள் குரல் மகள் குரலை விடக் கனமாகத் திரும்பி வந்தது. இருவரும் தரையில் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் சுத்தியலோடு ஓடிவந்தார். "ஏண்டி, இதுவா சந்தோஷமா இருக்குற நேரம்? முதலாளி வர்ற நேரம்!"

முதலாளி வந்தார். டிரைவர் காரிலேயே இருந்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்த முதலாளியின் கண்கள் ஜன்னல் இருந்த இடத்தில் நின்றன.

"கதவே வெக்கலையா?"

"காத்தை எதுக்கு சார் தடுக்கணும்?"

"ஆஹா!"

கடுந்தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்தார். "பாலும் கிடையாதா?"

"பால்கூட ஒரு ஆசைதானே சார்."

மனைவி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"தண்ணி எல்லா நேரமும் வருமா?" என்று முதலாளி கேட்டார்.

"வரும் சார்."

"ரூம் எத்தனை?"

"ரெண்டு சார். உண்மையைச் சொன்னா, எங்களுக்கு ஒண்ணே தாராளம்."

முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே மேலே பார்த்தார். "போர்வைக்குள்ள என்ன?"

"பழைய சாமான் சார்."

"ஏசி" என்றாள் மகள். "இன்னிக்கு மட்டும்தான் பழசு."

சூப்பர்வைசருக்கு மேனேஜர் நாற்காலி கண்ணெதிரே காலை மடக்கிக்கொண்டு விழுவதுபோல இருந்தது.

"ஓடுதா?" என்றார் முதலாளி, ஆர்வமாக.

"ஓ... ஓடும் சார். ஆனா நாங்க போடுறதில்லை."

"நல்லது, நல்லது." முதலாளி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகள் அவருக்கு எதிரொலி விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் கூச்சப்பட்டார். பிறகு, ஆயிரம் மெத்தைகளுக்கு அதிபதியான அந்த மனிதர் "ஓ!" என்று கத்திவிட்டுச் சிறுபிள்ளைபோலச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அங்கேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர், குறட்டை விட ஆரம்பித்தார்.

சூப்பர்வைசர் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "முடிஞ்சுது! நாளைக்கு நான் மேனேஜர்!"

"இவரு எப்போ எழுந்திரிப்பாரு? மாடி வீட்டுல என் சோபாவுக்கு உறையே மாத்திடுவாங்க போலிருக்கு."

"சும்மா இரு. முதலாளியைத் தூங்க வெச்ச ஒரே சூப்பர்வைசர் நான்தான்."

வெளிச்சம் மங்கும்போது முதலாளி எழுந்தார். முகம் தெளிந்திருந்தது.

"இப்படித் தூங்கி ரொம்ப நாளாச்சு. உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா, ராத்திரி இங்கயே..."

"இதுல என்ன சார் தொந்தரவு!" சூப்பர்வைசர் இரண்டு கைகளையும் அகல விரித்தார். "எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. இது உங்க வீடு!"

மனைவி அவர் முதுகில் கிள்ளினாள். அவர் கைகளை மடக்கவில்லை. முதலாளி கண்களைத் துடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துத் தலையசைத்தார்.

டிரைவர் பெட்டிகளைக் கொண்டுவந்து ஹால் நடுவில் அடுக்கினார்.

"கம்பெனி, பங்களா ரெண்டையும் நேத்து நீங்கெல்லாம் கிளம்பினதும் பேங்க்காரங்க கடனுக்குப் பூட்டிட்டாங்க சார்" என்றார். "நான் எந்தப் பக்கம் படுக்கிறது?"