வின்சென்ற் பார்த்த பதேப்பூர் சிக்ரி

"அங்கிள், பதேப்பூர் சிக்ரியில ஒரு ஏரி இருந்துச்சாமே, இப்பவும் படகு விடுறாங்களா?"

தொலைபேசியில் வேதவள்ளி கேட்டதும், "விடுறாங்கள், விடுறாங்கள்" என்று சொல்லிவிட்டார் வின்சென்ற்.

அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. 1990இல் மனைவி இவோனுடன் இந்தியா போனபோது, ஆக்ராவில் வயிற்றோட்டம் வந்து ஒரு முழுநாள் அறைக்குள்ளேயே கிடந்தார். அக்பர் கட்டி, பிறகு கைவிட்ட அந்த நகரத்துக்குப் போகவிருந்த நாள் அது. ஆக்லாந்து திரும்பியதும் யாரோ கேட்க, வெட்கத்தில் "பாத்தனாங்கள்" என்றார். அந்த ஒற்றைச் சொல்லோடு ஆறு வருடம் நிம்மதியாகப் போய்விட்டது.

இப்போது மலேசியாக்காரி வேதவள்ளி ஈஸ்டர் விடுமுறைக்கு அங்கே குடும்பத்தோடு போகிறாள். எதையும் எழுதிவைத்துக்கொண்டு கேட்பவள்.

வின்சென்ற் ஹென்டர்சன் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் பார்த்தார். ஏரி எப்போதோ வற்றிவிட்டது. உடனே அவளை அழைத்தார்.

"பிள்ளை, அந்த ஏரி வத்தீட்டுது."

"எப்போ அங்கிள்?"

"போன கிழமை."

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"அங்க ஒரு கைட், என்ர சிநேகிதன்."

இது தமிழ்ச் சங்கச் செயலாளர் செல்வராஜின் காதுக்குப் போனது. "சார், அந்த ஊர்ல உங்களுக்கு ஆளே இருக்காமே. சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாம் ஹால்ல வந்து பேசுங்க."

"படமெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப்போட்டுது" என்று தப்பப் பார்த்தார் வின்சென்ற்.

"கவலைப்படாதீங்க, ஸ்லைடு நான் கொண்டு வர்றேன்."

சனிக்கிழமை நாற்பது பேர் வந்திருந்தார்கள். முதல் படத்தில் உயரமான வாசல். "இது அரண்மனை" என்றார் வின்சென்ற். இரண்டாவதில் வெள்ளைக் கல் கட்டடம். "இதுவும் அரண்மனை." மூன்றாவது வந்ததும், "இது அரண்மனையின்ர பின்பக்கம்" என்றார்.

"சார், இது முதல் படம்தான்" என்றார் செல்வராஜ். "திருப்பி மாட்டிட்டேன்."

வேதவள்ளி நோட்டுப் புத்தகத்துடன் எழுந்தாள். "பிள்ளைங்களோட போறோம் அங்கிள். எப்போ போனா நல்லது?"

வின்சென்ற் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

பின்வரிசையில் இவோன் எழுந்தாள். "காலமை வெள்ளணப் போங்கோ. ஆக்ராவில இருந்து பஸ்ஸில ஒரு மணித்தியாலம். தர்கா வாசல்ல சப்பாத்துக் கழட்டவேணும். வெயில் ஏறினால் கல்லு கால் வைக்கேலாமல் சுடும், காலுக்குப் போடத் தடிச்ச மேசு, சொக்ஸ், கொண்டுபோங்கோ. தலைக்கு ஒரு துணி, போதிய தண்ணி. கைட் எண்டு நாலு பேர் பின்னால வருவினம், முதல்ல அடையாள அட்டையைக் கேளுங்கோ."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கைதட்டல் மட்டும் வின்சென்ற்றுக்குக் கிடைத்தது.

திரும்பும் வழியில், மோட்டார்வேயில் ஏறியதும் அவர் வானொலியை நிறுத்தினார். தன் பொய்யைக் காப்பாற்ற இவள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள்.

"இவோன், என்ர மானத்தைக் காப்பாத்திப்போட்டீர். அந்தப் புத்தகத்தை எப்ப வாசிச்சனீர்?"

"புத்தகமோ?" என்றாள் இவோன். "ஆக்ராவில நீங்கள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு படுத்திருக்க, காலமை மருந்து வாங்கப் போன நான் ஏன் பின்னேரம் திரும்பி வந்தனான் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே."