விற்பனைக்கு ஒரு பழைய அப்பிள்

"அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்குதா?"

போனில் கேட்ட பெண்குரலுக்கு, "இருக்குது, ஆனால் நான் அதை விற்கப் போவதில்லை" என்று வின்சன்ற் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. அவர் சொன்னது வேறு.

"இருக்குது, இருக்குது. வந்து பாருங்கோவன். பின்னேரம் ரீ குடிக்கிற நேரமாப் பாத்து வந்தால் இன்னும் நல்லது."

போனை வைத்த கையோடு கொழும்பின் காலி வீதிக்கு இறங்கி, சூடான கட்லட்டும் மீன் பணிஸும் வாங்கிக்கொண்டு வந்தார்.

விற்கும் எண்ணம் இல்லாத மனிதர் எதற்காக விளம்பரம் போட்டார்? மனைவி பிலோ போய்ச் சேர்ந்து சில வருஷமாகிவிட்டது. மகன் மெல்பனில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் திரையில் வந்து "சாப்பிட்டீங்களா டடி?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தன் பிள்ளை அழுகிறது என்று எழும்பிப் போய்விடுவான். வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த அந்த மூன்றாம் மாடி வீட்டில், வின்சன்றோடு ஒழுங்காகக் கதைத்தது கரையோர ரயில் மட்டும்தான். அது போகும்போது ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்கும். இவரும் மரியாதைக்கு "ஓம், ஓம்" என்பார்.

அப்படியிருக்கும்போதுதான் மூலையில் கிடந்த அப்பிள் டூ-ஈ கண்ணில் பட்டது. துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சியில் அவர் கிளார்க்காக இருந்த காலத்தில், புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் குப்பைக்குப் போகவிருந்த பெட்டி அது. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். "பிள்ளையைக்கூட நீங்கள் இப்படித் தூக்கினதில்லை" என்று பிலோ திட்டினாள். திட்டியவளே அதற்கு வெள்ளை நூலில் ஒரு உறையும் பின்னிப் போட்டாள்.

போனில் பழைய சாமான் விற்கும் பக்கத்தில் படத்தைப் போட்டார். ஒரு பழைய காரையே வாங்கிவிடக்கூடிய விலையையும் போட்டார். வாங்க வேண்டும் என்று வருகிறவன் அந்த விலையைக் கண்டு ஓடிவிடுவான். பார்க்க ஆசைப்படுகிறவன் மட்டும் வருவான், ரீ குடிப்பான், கதை கேட்பான், போவான். வின்சன்றுக்கு அது போதும்.

ஆனால் அன்று பின்னேரம் வந்தவர் வேறு ரகம்.

குடையும் கைப்பையுமாக நிமிர்ந்து நின்ற அந்த அம்மா, "நான் புளோறன்ஸ். கொட்டாஞ்சேனை. கொன்வென்ற்றில கணக்குப் படிப்பிச்சனான், இப்ப ரிட்டயர்" என்றார். "கனடாவில என்ர மருமகன் ஒருத்தன் இருக்கிறான். இந்தப் பழைய கம்ப்யூட்டர் எண்டால் அவனுக்கு உயிர்."

"இருங்கோ மிஸ், இருங்கோ."

மூடியைத் தூக்கி உள்ளே காட்டினார். வானவில் நிற அப்பிள் சின்னத்தைக் காட்டினார். கம்பனியின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

"தொடங்கேக்க மூன்று பேர் மிஸ். ரெண்டு பேரை உலகத்துக்கே தெரியும். மூன்றாவது ஆள், முதல் சின்னத்தைக் கையால கீறினவரே அவர்தான். கையெழுத்தும் போட்டிட்டு, பிறகு பயந்து, கொஞ்ச நாளிலேயே தன்ர பங்கை விட்டிட்டுப் போயிட்டார்."

"ஏன் பயந்தவர்?"

இதுவரை வந்த ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வின்சன்ற் கதிரையில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்து, மிக விரிவாகப் பதில் சொன்னார். புளோறன்ஸ் மிஸ் இரண்டாவது கட்லட்டையும் எடுத்தார். சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல், அந்தக் காலத்திலேயே பெட்டியோடு வந்த வானவில் ஸ்டிக்கர் ஒன்றையும் வின்சன்ற் நீட்டிவிட்டார். மிஸ் அதை உரித்து, தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பளாரென்று ஒட்டினார். இவர் பிடுங்கப் போன கையை இழுத்துக்கொண்டார். சாமான் சேர்க்கிறவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்கள்!

ஒருவழியாக அவர் வழக்கமான முடிவுக்கு வந்தார். "விலை கொஞ்சம் கூடத்தான் மிஸ்..."

"சரி."

"என்ன சரி?"

"அந்த விலைக்கே எடுக்கிறன்."

கீழே ரயில் போனது. இந்த முறை வின்சன்ற் அதற்குப் பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் போனால் விளம்பரம் போகும். விளம்பரம் போனால் வாசல் மணி போகும். "தரமாட்டேன்" என்றாலோ, அந்தக் கேள்வியைக் கேட்ட மனுஷி திரும்பி வரப்போவதில்லை.

"அது வந்து... டிஸ்க் ட்ரைவ் வேலை செய்யாது மிஸ். பழுதானதைத் தந்து உங்களை ஏமாத்த மாட்டன்."

"அப்படியோ?" மிஸ் குடையை எடுத்தார். "அப்ப சனிக்கிழமை வாறன்."

சனிக்கிழமை அவர் தனியாக வரவில்லை. மருதானையில் ரேடியோ, டீவி திருத்தும் மஜீட் என்பவரையும் கூட்டி வந்திருந்தார். மஜீட் மூடியைத் திறந்து, டோர்ச்சை அடித்து, தலையைச் சொறிந்தார்.

"அங்கிள், இதில பழுது ஒண்டும் இல்ல. யாரோ கேபிளக் கழட்டி, பக்குவமா மடிச்சி, ரப்பர் பேண்டும் போட்டு வெச்சீக்காங்க."

"எலியா இருக்கும்" என்றார் வின்சன்ற்.

"ரப்பர் பேண்ட் போடுற எலிய நான் மருதானைல கண்டதில்ல அங்கிள்."

கேபிளைச் சொருகியதும் பெட்டி 'பீப்' என்றது. டிஸ்க் கரகரவென்று சுழன்றது. திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. புளோறன்ஸ் மிஸ் சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினார். வின்சன்றும் தட்டினார், செத்தவீட்டில் தட்டுவது போல.

"இனி என்ன, கொண்டுபோகலாம்தானே?" என்றார் மஜீட், வேலை முடிந்த திருப்தியில்.

"மனுவல் இல்லையே!" வின்சன்ற் கிட்டத்தட்டக் கத்தினார். "இதோட வந்த புத்தகம் மிஸ். அது இல்லாட்டி உங்கட மருமகனுக்கு இது வெறும் பெட்டிதான். என்ர மச்சான் கிளின்ரனிட்டக் குடுத்திட்டன். அவனும் நானும் இப்ப கதைக்கிறேல்லை."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. மனுவல் எங்கும் போகவில்லை. மிஸ்ஸின் ரீக் கோப்பை இருந்த அதே சின்ன மேசைக்கு ஒரு கால் கட்டை. ரயில் போகும்போதெல்லாம் ஆடுகிறதென்று பிலோ ஒரு நாள் அந்தக் காலுக்குக் கீழே அணைகொடுத்து வைத்த புத்தகம் அதுதான். வின்சன்ற் மெல்லத் தன் காலை நீட்டி, செருப்போடு அதை மறைத்தார். மிஸ் போகும்வரை எடுக்கவில்லை. கால் விறைத்துவிட்டது.

"உங்கட மச்சான் எங்கே இருக்கிறார்?"

"கொச்சிக்கடையில."

"என்ர வீட்டுக்குப் பக்கம்தானே! வாற சனிக்கிழமை ரெண்டு பேரும் போய்க் கேப்பம்."

வேலியில் போன ஓணான் உள்ளே வந்துவிட்டது. மிஸ் எப்போதும் வரும் முச்சக்கர வண்டியின் ட்ரைவர் நப்ரீஸ், தாடி நரைத்த மனிதர், அந்தச் சனிக்கிழமை இருவரையும் ஏற்றிக்கொண்டு துறைமுகப் பக்கம் போனார். மிஸ் வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வந்தார். வின்சன்ற் வழியெல்லாம் வியர்த்துக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்த கிளின்ரன் அப்படியே நின்றான்.

"அத்தானா! அக்காட அடக்கத்தண்டைக்கு நான் பிடிச்ச வான் வண்டி பிந்தினதுக்குக் கோவிச்சிட்டுப் போன மனுசன், இப்பதான் வழி தெரிஞ்சுதோ?"

"ஒரு புத்தகம்..." என்று வின்சன்ற் முனகினார்.

"புத்தகமா? நீங்க ஒண்டும் தரேல்லையே."

"மறந்திருப்பீங்கள்" என்றார் மிஸ், வகுப்பில் பேசும் குரலில். "வடிவாத் தேடிப் பாருங்கோ."

அந்தக் குரலுக்குக் கிளின்ரன் எழும்பித் தேட ஆரம்பித்தான். அலுமாரியில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டிகள் வெளியே வந்தன. பிலோவின் பழைய படங்கள் வெளியே வந்தன. அவற்றைப் பார்த்து அத்தானும் மச்சானும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். புத்தகம் மட்டும் வரவில்லை. "அத்தான், சாப்பிடாமப் போனீங்க எண்டால் இனி உங்கட முகத்தில முழிக்க மாட்டன்" என்று கிளின்ரன் நண்டுக் கறியோடு மறித்தான். புத்தகம் என்ற ஒன்றே இல்லாத வீட்டில் வின்சன்ற் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

வெளியே வந்ததும், "இனி ஒண்டும் செய்ய ஏலாது மிஸ்" என்றார், கவலையை வரவழைத்துக்கொண்டு.

"ஏன் ஏலாது? தொலைஞ்சதை ஆரிட்டக் கேக்கிறது? இந்தா, பக்கத்திலதானே இருக்கிறார்."

அந்தோனியார் கோயில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர். அங்கே வரமாட்டேன் என்று எந்தக் கத்தோலிக்கன் சொல்லுவான்? மிஸ் ஒரு மெழுகுதிரியைத் தன் கையில் எடுத்து, இன்னொன்றை அவர் கையில் கொடுத்தார். வின்சன்ற் கண்ணை மூடினார்.

'சுவாமி, தயவுசெய்து கண்டுபிடித்துத் தராதேயும்.'

அந்தக் கூட்டத்தில் அப்படி மன்றாடியவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் மிஸ் முணுமுணுப்பது காதில் விழுந்தது. "அந்தோனியாரே, இந்த மனுசன் எதையோ தொலைச்சுப்போட்டு நிக்கிறார். அதை அவருக்குத் திருப்பிக் குடும்."

வின்சன்றின் கையில் மெழுகு சொட்டியது. அவருக்குச் சுட்டது மெழுகு அல்ல.

அன்றிரவே மேசையைத் தூக்கிப் புத்தகத்தை இழுத்தெடுத்தார். கோயிலில் நின்று பொய்க்கு மெழுகுதிரி கொளுத்தியாகிவிட்டது, இதற்கு மேல் போக அவருக்குத் தைரியம் இல்லை. கடைசியில் தானும் அந்த மூன்றாவது பங்காளிதான் என்று நினைத்துக்கொண்டார். நல்லது ஒன்று வளரும் நேரம் பார்த்துப் பயந்து, தன் பங்கை விட்டுவிட்டுப் போகிற ஆள்.

போன் எடுத்தார். "மிஸ், புத்தகம் கிடைச்சிட்டுது. கம்ப்யூட்டரைக் கொண்டுபோகலாம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று "ஹலோ? ஹலோ?" என்றார்.

"அவ்வளவு கெதியா, ஒரே நாளிலயோ?" என்றது குரல். பிறகு, "சரி... அந்தோனியாருக்கு நன்றி சொல்லோணும்" என்றது. அதில் நன்றி ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. வின்சன்ற் கம்ப்யூட்டரைத் துடைத்து, பிலோ பின்னிய உறையைக் கழற்றி, மடித்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி போட்டுவிட்டார். அதுவும் கூடவே போகட்டும். எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் இறக்கி, மேலே மனுவலை வைத்தார். பழக்கதோஷத்தில் கட்லட்டும் வாங்கியிருந்தார். ரயில் போனது. அணையில்லாத மேசை ஆடி, ரீயெல்லாம் தட்டில் சிந்தியது.

வாசல் மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தார்.

நப்ரீஸ் தனியாக நின்றார்.

"மிஸ் எங்கே?"

"கீழ, த்ரீவீல்ல ஈக்கிறா. மேல வர மாட்டாவாம். வயித்து வலியாம்."

"வயித்து வலியா? மருந்து ஏதும்..."

"வயித்து வலி எண்டு சொல்லச் சொல்லினா, அங்கிள்."

சரி, முகத்தைப் பார்க்கவும் விருப்பமில்லைப் போலும், வந்த அலுவல் முடிந்துவிட்டதுதானே? வின்சன்ற் பெட்டியை மெல்லத் தூக்கி நீட்டினார். "கவனம். குலுக்காமக் கொண்டுபோங்கோ. கனடாவுக்கு அனுப்பேக்க பஞ்சு வைச்சுக் கட்டச் சொல்லுங்கோ. அவட மருமகன் நல்லாப் பாத்துக்கொள்ளுவார்தானே?"

நப்ரீஸ் கையை நீட்டவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஆடுகிற மேசையைப் பார்த்தார். பிறகு மனுவலை மட்டும் எடுத்து, குனிந்து, மேசைக் காலுக்குக் கீழே பத்திரமாகச் செருகினார்.

"இது இங்கேயே ஈக்கட்டும் அங்கிள்; இத மேசக் காலுக்குக் கீழ மிஸ் மொத நாளே கண்டவ, கனடாவில அவக்கு மருமகன் ஒருத்தரும் இல்ல, பேப்பர்லயும் போன்லயும் விக்க வாற சாமான் எல்லாத்தையும் போய்ப் பாத்து, கதச்சி, ஒண்டும் வாங்காம வாறவ, இந்த ஒரு வீட்டுக்கு மட்டுந்தான் நான் அவவ ரெண்டாந்தரம் கூட்டி வந்தது."