தேய்ந்த பல்லும் தேயாத வாயும்

பல் பார்ப்பவர் என்றொரு இனம் உண்டு. வைத்தியரைச் சொல்லவில்லை, அவர் வலிக்கிற பல்லோடு நிறுத்திக்கொள்வார். இவரோ ஆடு, மாடு, குதிரை, துரையின் வேட்டைநாய் என்று எது எதிரே வந்தாலும் வாயைப் பிளந்து, விரலால் தடவி, அதன் வயது, தின்ற தீனி, பட்ட பாடு, மிச்சமிருக்கும் ஆயுள் அத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத்தான் விரலைத் துடைப்பார். தப்பாகச் சொன்னதுண்டா? கேட்க யாருக்குத் தைரியம்?

பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராமாமிர்தம் இந்த இனத்தில் முதல் தரம். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் துணி விற்கப் போனவர், அங்கே குடியிருந்த வீரய்யாவின் பசுவைக் கண்டார். யாரும் கேட்காமலே முதலில் பசுவின் வாயைத் திறந்தார். பிறகு தம் வாயை.

"பல்லு கட்டையாத் தேஞ்சிருக்கு. பன்னெண்டு வயசு. இனிக் கன்னு போடாது. கறிக்குக் குடுத்துரு."

வீரய்யாவின் மனைவி இராக்கம்மா பதறினாள். "என்ன மொதலாளி சொல்றீங்க? எம்மக பொறந்த வருசம் பொறந்த மாடுங்க. அவளுக்கு ஏழுதான்."

"மனுசன் பொய் சொல்லுவான். பல்லு சொல்லாது."

முதலாளி சொன்ன பிறகு அப்பீல் ஏது? வீரய்யா பசுவை அவிழ்த்தான். இராக்கம்மா கயிற்றைப் பிடித்தவள் விடவேயில்லை. புருசன் ஒரு பக்கம் இழுக்க, பெண்டாட்டி ஒரு பக்கம் இழுக்க, நடுவில் பசு முழித்தது. அந்த வழியாக வந்த, லயத்தார் அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் வண்டிக்கார ஷுக்ரி எதற்காகச் சண்டை என்று விசாரித்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, இது எங்க மேயுது?"

"ரயில்ரோட்டுக்குக் கல்லு ஒடைக்கிற எடத்துல, நானா. தேயிலைப் பக்கம் விட்டா கங்காணி வைவாரு."

"அப்ப புல்லோட கல்லுத் தூளையும் சேத்துத்தானே அரைக்குது? பல்லு தேயாம என்ன செய்யும்?"

வீரய்யா கயிற்றை விட்டான். அன்று முதல் இராக்கம்மா ஓடையோரப் புல்லை அறுத்துச் சுமந்து வந்து போட்டாள். மறு வருசம் பசு கன்று போட்டது. அவள் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள், கேள்விப்பட்டு ராமாமிர்தம் வந்தார். வெட்கப்பட்டாரா? கன்றின் வாயைப் பிளந்தார். "பால்பல்லு! பொறந்து மூணு நாள்!" என்றார் கம்பீரமாக.

சிரிக்கிறீர்கள். நல்லது. இந்த வாரம் புதிதாகச் சந்தித்த ஒருவரைப் பற்றி வீட்டில் போய் என்னென்ன சொன்னீர்கள்? அதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?