துரைக்குப் பழம் உரித்த கதை

அன்பிலும் பொறுமையிலும் குறை வைக்காத என் மருமகளுக்கு,

மாமியார் மனமார வாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நான், ரப்பர் பூட்ஸ் கடித்த இரண்டு குதிகால் நீங்கலாக, மற்றபடி சர்வ சௌக்கியம். அங்கே நீயும், நான் பெற்ற பிள்ளையும், பால்கனித் தொட்டிச் செடிகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். செடிகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

நீ போட்ட கடிதம் வியாழக்கிழமை காய்கறி வண்டியில், ஒரு பூசணிக்காய்க்கு அடியில் நசுங்கி வந்து சேர்ந்தது. முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவளுக்கு ஒரு கடிதம் இப்படியா வருவது என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். அவருக்கு என் பாஷை தெரியாது, சிரித்துவிட்டுப் போனார். ஆபீசில் உன்னை மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்புகிறார்கள், என் பிள்ளையோ "நீ போயிட்டா நான் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், போகட்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் இங்கே செய்துவைத்த காரியத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் உன் சமையலறை அலமாரியை நான் நான்கு தடவை மாற்றி அடுக்கினேன். அப்போது நீதானே, "அத்தை, உங்க கை சும்மா இருக்காது. அதுக்கு வேலை குடுக்கிற இடம் ஒண்ணு இருக்கு, கடல் தாண்டிப் போகணும், பரவாயில்லையா?" என்று கேட்டு, விண்ணப்பத்தையும் நீயே நிரப்பினாய். என்னை நாடு கடத்துகிறாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். இப்போது சொல்கிறேன், நீ செய்தது நல்ல காரியம். தகரக் கூரை போட்ட ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் மரம், மூன்று வேளையும் யாரோ சமைத்துப் போடும் சாப்பாடு. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இப்படி நடந்ததில்லை.

அக்கம்பக்கத்தில் நான் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தால் திருத்திவிடு. இவை வாலில்லாக் குரங்குகள். வந்த அன்றைக்கே டாக்டரம்மா, மிருக டாக்டர், உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கும், இதை எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வால் இல்லாததால் மரியாதை ஜாஸ்தி. உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறதாம். வேட்டைக்காரர்கள் தாயைச் சுட்டுவிட, குட்டிகளை யார் யாரோ வீட்டில் கட்டிப்போட்டு வளர்க்க, அங்கிருந்து மீட்டு இங்கே கொண்டுவந்து, மரம் ஏறவும் தானாகத் தின்னவும் பழக்கி, மறுபடி காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். எனக்குக் கொடுத்த வேலை சமையல்கட்டில். முகத்துக்கு மூடி, கைக்கு உறை, எதிரில் பழ மலை. கழுவி வாளியில் போட வேண்டியது, அவ்வளவுதான் என்று பூட்ஸ்காரர் சொன்னார். அவர்தான் சமையல்கட்டுக்கு மேஸ்திரி. முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு தூங்குவார் போலிருக்கிறது.

அவ்வளவுதான் என்றால் என் கை கேட்குமா? கழுவினேன், கூடவே உரித்தேன். ஆரஞ்சை உரித்து, வெள்ளை நாரை எடுத்து, கொட்டையை நீக்கி, சுளை சுளையாகப் போட்டேன். தடித்த ஓட்டுப் பழத்தையெல்லாம் அரிவாளால் பிளந்து, உள்ளே இருப்பதை மட்டும் வழித்துப் போட்டேன். வாளிக்கு மூடி உண்டு, அடைப்பில் கொண்டுபோய்க் கொட்டுவதும் நானே என்பதால் மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. தாயில்லாப் பிள்ளைகள், தோலோடு கொடுப்பதாவது என்று நினைத்துக்கொண்டேன். அதிலும் ஏழாம் நம்பர் குட்டிமேல் எனக்கு உயிர். ஆறு வயது, நின்றால் என் இடுப்பளவு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான். துரை என்று பேர் வைத்தேன். அவனுக்கு மட்டும் சுளையின் மெல்லிய தோலையும் உரித்துவிடுவேன்.

நான்காம் வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். பூட்ஸ்காரர் தோலோடு பழத்தைப் போட்டிருக்கிறார். துரை ஒரு பழத்தை எடுத்தானாம், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தானாம், கம்பிக்கு வெளியே கையை நீட்டி அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். டாக்டரம்மா நேரே என் அறைக்கு வந்தார். அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அம்மா, நீங்க உரிச்சுப் போட்டீங்களா?"

"குழந்தைதானே" என்றேன்.

"இந்த மாசக் கடைசியில அவனைக் காட்டுக்கு அனுப்பணும். அதுக்கு முன்னாடி பத்து நாள் விடாம அவனே ஒடச்சு, அவனே உரிச்சுச் சாப்பிடணும். இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு. மழை வந்துட்டா ஆத்தைத் தாண்டி வண்டி போகாது. அடுத்த வருஷம்னா அவன் வளந்துடுவான். வளந்தவனைக் காட்டுல இருக்கிற கூட்டம் சேத்துக்காது, அடிச்சே தொரத்தும். அப்புறம் காலம் பூரா கம்பிக்குள்ளதான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஒரு உயிரை ஆயுசுக்கும் அடைத்துப் போட என் பத்து விரல் போதும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மறுநாள் எனக்கு வேலையை மாற்றினார்கள். துரையின் அடைப்புக்கு வெளியே, அவன் கண்ணில் படுகிற மாதிரி ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். எதுவும் செய்யக் கூடாது. இந்தக் கை இனி உரிக்காது என்று அவனுக்குப் புரிய வேண்டுமாம். நீ எனக்குத் தேடிக் கொடுத்த வேலை கடைசியில் கையைச் சும்மா வைத்திருக்கிற வேலையாகிவிட்டது.

பழத்தை ஒரு குழாய்க்குள் போட்டு, மரக்கட்டை மூடியால் இறுக்கித் தொங்கவிடுவார்கள். பல்லால் கடித்து மூடியைப் பிடுங்கி, பழத்தை எடுத்து, உரித்துத் தின்ன வேண்டும். மூன்று நாள் துரை குழாயைத் தொடவே இல்லை. இலையைக் கொஞ்சம் மென்றுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் பார்த்தேன். நான்காம் நாள் காலை பூட்ஸ்காரர் வாளி எடுக்கப் போன நேரத்தில் மூடியைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், தளர்த்தி வைத்தேன். உள்ளே இருந்த பழத்தையும் நகத்தால் ஒரு கீறல் கீறினேன். ஐந்தாம் நாளும் அப்படியே. துரை தின்றான். ஏட்டில் "தானாகச் சாப்பிட்டது" என்று நானே எழுதினேன். ஆறாம் நாள் காலை டாக்டரம்மா கீழே கிடந்த மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பல்லே படாம இது எப்படித் தொறந்துச்சு?"

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "அந்த ரெண்டு நாளும் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கு அவன் திறந்தால் இன்றோடு சேர்த்துச் சரியாகப் பத்து நாள். திறக்காவிட்டால் அவ்வளவுதான்.

அன்றைக்கு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தேன். விரலெல்லாம் மரத்துப் போனது. மத்தியானம் துரை குழாயைக் கழற்றியே எடுத்துக்கொண்டு கம்பி ஓரம் வந்தான், என் பக்கமாக நீட்டினான். என் கையைத் தேடினான், காணவில்லை. முகத்தைப் பார்த்தான். "போடா, நீயே பண்ணிக்கோ" என்றேன். பேசக் கூடாது என்பது சட்டம், ஆனால் வந்துவிட்டது. சாயங்காலம்வரை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு என்ன நினைத்தானோ, மூடியில் ஒரு கடி, ஒரு இழுப்பு. பழத்தைத் தரையில் அடித்துப் பிளந்து, தோல், நார், கொட்டை எல்லாவற்றோடும் மூஞ்சியெல்லாம் பூசிக்கொண்டு தின்றான். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இவ்வளவு சுலபமாகச் செய்யத் தெரிந்தவன் மூன்று வாரம் என்னை வேலை வாங்கியிருக்கிறான்.

அடுத்த ஒன்பது நாளும் அவன் தவறவில்லை, நானும் தவறவில்லை. போன திங்கட்கிழமை வண்டி வந்தது. கூண்டில் ஏறும்போது கையில் இருந்த பழத்தை உரித்து, தோலை என் பக்கம் எறிந்துவிட்டுப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. "அதுதாம்மா வேணும்" என்றார் டாக்டரம்மா. எனக்கும் அதுதான் வேண்டும் என்று தலையாட்டினேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ போய்வா, தயங்காதே. என் பிள்ளைக்கும் பத்து விரல், முப்பத்திரண்டு பல். உன் மாமனார் இருந்தவரை அவருக்கும் உரித்தேன், அப்புறம் இவனுக்கு உரித்தேன், நீ வந்த மூன்று வருஷமாக "பையன் எளச்சுட்டான்" என்று உன்னைக் குறை சொன்னேன். அவனுக்கு எதுவும் கைவராமல் போனது என் கைவேலை, உன் குற்றமில்லை. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது. நீ சமைத்து அடுக்கி வைக்காதே, டப்பாவில் பேர் எழுதி ஒட்டாதே, சாப்பிட்டானா என்று தினமும் கேட்காதே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் முதுகைப் பார்த்துக்கொண்டிரு. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பான், பிறகு தின்பான். நான் கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன்.

பயிற்சியில் முதலாவதாக வந்து, போன இடத்தில் நல்ல பேர் எடுத்து, நிறைந்த மனசோடு நீ வீடு திரும்ப வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தை.

பி.கு.: ஆரஞ்சுப் பழத்தில் அந்த வெள்ளை நார் ஒரு இழை இருந்தாலும் அவன் தொடமாட்டான். கிளம்புகிற அன்றைக்கு மட்டும் ஒரு டஜன் பழத்தை உரித்து, நாரெடுத்து, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போ. நான் சொன்னதாகச் சொல்லாதே. டப்பா மூடியை ரொம்ப இறுக்கி மூடிவிடாதே.