பந்து மட்டும் வராத வீடியோ

கல்யாண வீடியோ எடுக்கிறவரின் கையில் எதைக் கொடுத்தாலும் அது கல்யாணமாகத்தான் திரும்பி வரும். இது நான் பட்டுத் தெளிந்த உண்மை. இன்று நான் கனடாவில் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணியில் முன்கள ஆட்டக்காரி. (எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் "ரொறொன்ரோவுக்குப் பக்கமா?" என்பீர்கள். பக்கமில்லை. அதனாலேயே என் உறவினர்களில் பாதிப் பேர் நான் கனடாவில்தான் இருக்கிறேனா என்று சந்தேகப்படுகிறார்கள்.) இந்த இடத்துக்கு நான் வந்து சேராதபடி ஒரு மனிதர் தன் முழுத் திறமையையும் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

நான் கொக்கட்டிச்சோலைக்காரி. எங்களுடையது வயல் செய்யும் குடும்பம். பதினைந்து வயதுக்குள் அப்பாவைவிட உயர்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் உயரமான பெண்ணுக்கு இரண்டு வேலைகள்தான். ஒன்று, மதிலுக்கு மேலால் எட்டி முருங்கைக்காய் பறிப்பது. மற்றது, இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது என்று ஊரார் கவலைப்படுவதை நின்று கேட்பது. மட்டக்களப்பு நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான், என்றோ அமெரிக்கப் பாதிரிமார் கொண்டுவந்த கூடைப்பந்தாட்டம் என் கையில் சிக்கியது. யாரும் என் உயரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாத ஒரே இடம் அந்தத் திடல்தான்.

உயர்தரப் பரீட்சை முடிந்த வருடம், எங்கள் பள்ளியில் படித்துக் கனடா போன ஓர் அக்கா, அங்கே ஒரு கல்லூரிப் பயிற்றுநரிடம் என்னைப்பற்றிச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்மணி எனக்கு நேரடியாக எழுதினார்: ஒரு முழுப் போட்டியின் வீடியோவை இரண்டு மாதத்துக்குள் அனுப்பு, பிடித்திருந்தால் புலமைப்பரிசில் தருகிறோம். எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு போட்டி, மாவட்ட இறுதியாட்டம். அதன் பிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டு விலகிவிடுவேன். பந்தும் கிடையாது, திடலும் கிடையாது, கனடாவும் கிடையாது. முருங்கைக்காய்தான்.

"வீடியோவ என்னட்ட விடு மருமகள்," என்றார் அம்மாவின் தம்பியான சின்ன மாமா. அங்கேதான் என் விதி திரும்பியது.

மாமா பிடித்து வந்தவர் கேதீஸ் அண்ணன். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் அவர் எடுக்காத கல்யாணம் இல்லை. நான் பெரியவளானபோது என் சாமத்தியச் சடங்கை எடுத்தவரும் அவர்தான். போட்டியன்று இரண்டு கமரா, ஒரு ட்ரோன், வெளிச்சம் பிடிக்க ஓர் ஆள் என்று படையோடு வந்து இறங்கினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. (அன்று எனக்கு இருந்த மடத்தனத்துக்கு அளவே இல்லை.)

அன்று நான் ஆடியது போல் அதற்கு முன் ஆடியதில்லை. ஒரே ஒரு இலவச எறிதலைத் தவறவிட்டேன். அதுவும் என் பிழையில்லை. பந்தைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, குறிபார்த்து நிற்கும்போது பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"தங்கச்சி, இஞ்சால பாத்து ஒருக்காச் சிரிங்க!"

போட்டியில் வென்றோம். கேதீஸ் அண்ணனின் வீடியோ மட்டும் வரவில்லை. கல்யாண வீடியோ என்றால் முதல் பிள்ளை பிறந்த பிறகு கொடுப்பதுதானே வழக்கம். மாமா நாள்தோறும் போய் நின்று, கடைசியில் கெடு முடியும் நாளன்று வாங்கி, நான் பார்க்கும் முன்பே பயிற்றுநருக்கு அனுப்பியும் விட்டார். அன்று பின்னேரம் குடும்பமே தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியது.

முதலில் பிள்ளையார் வந்தார். பிறகு வாவிக்கு மேலே சூரியன் எழுந்தது. ஒரு தாமரை விரிந்தது, அதற்குள் நான். நாதஸ்வரம். பிரதம அதிதி காரிலிருந்து இறங்கினார், மெதுவாக. மாலை போட்டார்கள், இன்னும் மெதுவாக. அம்மா, பெரியம்மா, பெரியம்மாவின் சம்பந்தி, எங்கள் பள்ளி அதிபர், பன்னீர்ச்செம்பு இல்லாத குறை மட்டும். போட்டி தொடங்கும் விசில் கேட்டது. கமரா பார்வையாளர்களை வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டே போனது. எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். என்னைத்தான் காணவில்லை. கடைசி நிமிடங்களில், நான் அடுத்தடுத்துக் கூடைபோட்ட அந்த நேரத்தில், ட்ரோன் கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் பறந்து, தோணியில் மீன் பிடித்த இருவரைக் காட்டியது. அவர்கள் கையசைத்தார்கள்.

"நல்லா வந்திருக்கு," என்றார் பெரியம்மா. "என்ட சாறி எடுப்பாத் தெரியுது."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"கேதீஸ் அண்ணன், பந்து எங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புள்ள, வந்த சனத்தில ஒராள விட்டாலும் 'நான் வந்தனான், என்னக் காட்டல்ல' எண்டு சாகுமட்டும் கோவிப்பாங்க. எனக்குத் தெரியாதா? பந்த விட்டா, பந்தா கோவிக்கப்போகுது?"

தொழிலில் அவர் சொல்வது முற்றிலும் சரி. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாளில் பயிற்றுநரின் பதில் வந்தது. "உங்கள் குடும்பம் மிக அழகு. ஏரியும் அழகு. இதில் ஆட்டம் எப்போது தொடங்குகிறது? வெள்ளிக்கிழமைக்குள் வேறு வீடியோ இருந்தால் அனுப்பவும்." அறைக்குள் போய்ப் படுத்து அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். அத்தனை நாள் ஓடிய ஓட்டம் பெரியம்மாவின் சாறிக்குப் பின்னால் காணாமல் போனதே!

அப்போதுதான் மாமாவுக்கு ஒன்று நினைவு வந்தது. எதிரணித் தலைவி டிலானியின் அம்மா, றோஸ்மேரி அன்ரி, போட்டி முழுக்கக் கதிரையின் மேல் ஏறி நின்று போனில் படம் பிடித்தார். எதற்கு? நான் தன் மகளை முழங்கையால் இடித்தேன் என்று கூடைப்பந்துச் சங்கத்துக்கு முறைப்பாடு கொடுப்பதற்கு. (நான் இடிக்கவில்லை. என் முழங்கை இருந்த இடத்துக்கு டிலானி வந்தாள்.)

புளியந்தீவில் அவர்களின் வீட்டு வாசலில் நானும் மாமாவும் நின்றோம். அன்ரி கதவைப் பாதிதான் திறந்தார்.

"உனக்குத் தரவா? உன்ன இனி ஒரு திடலிலயும் ஏறவிடப்படாது எண்டு எடுத்த வீடியோ இது!"

"அன்ரி, அது ஃபவுல் இல்ல. நடுவர் ஊதவே இல்லயே!"

"நடுவருக்குக் கண்ணில்ல. எனக்கு இரிக்கு!"

நான் சண்டைக்கு வாயெடுத்தேன். மாமா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, மிகப் பணிவாகச் சொன்னார்: "அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முறைப்பாடு குடுத்தா ஒரு வருசம் தடுப்பாங்க. இத அனுப்பினா இவள் நாட்ட விட்டே போயிருவாள்."

அன்ரி ஒரு கணம்தான் யோசித்தார். பிறகு கதவு முழுதாகத் திறந்தது. வீடியோவோடு எங்களுக்குத் தேத்தண்ணியும் கிடைத்தது.

அந்த வீடியோவில் நான் இருந்தேன். முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை நான் மட்டுமே இருந்தேன். ஒரு தாய் தன் பிள்ளையின் எதிரியைப் பார்க்கிற மாதிரி உலகத்தில் எந்தக் கமராவும் ஒருத்தியைப் பார்க்காது. நான் பாய்ந்தது, விழுந்தது, பந்தைப் பறித்தது, கூடைபோட்டது, ஒன்றும் தப்பவில்லை. பின்னணியில் அன்ரியின் குரல் ஓயாமல் கத்தியது: "முழங்கை! பாருங்க, முழங்கை!" பயிற்றுநர் என்னை எடுத்துக்கொண்டார். கூடவே ஒரு கேள்வியும் எழுதியிருந்தார்: அந்தப் பெண் உற்சாகமாகத் திரும்பத் திரும்பச் சொல்வது என்ன? எங்கள் ஊர் ரசிகை, என் செல்லப்பெயரைச் சொல்கிறார் என்று எழுதிவிட்டேன். வேறு என்ன எழுதுவது? அதன் விளைவாக, இங்கே நான் திடலில் இறங்கும்போதெல்லாம் எங்கள் அணி உட்காரும் வாங்கிலிருந்து கனடாக்காரிகள் ஒன்றாகச் சேர்ந்து "முழங்கை! முழங்கை!" என்று கத்துகிறார்கள். நடுவருக்குத் தமிழ் தெரியாதது என் புண்ணியம்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு காலைநேரம் றோஸ்மேரி அன்ரி கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். டிலானியின் தங்கைக்கும் வெளிநாட்டுக் கல்லூரி ஆசை வந்துவிட்டதாம்.

"புள்ள, அவள் பயந்து பயந்து விளையாடுறாள். உன்ட முழங்கைய அவளுக்கும் ஒருக்காச் சொல்லிக்குடு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அன்ரி, எத்தின தரம் சொல்லுற? அது ஃபவுல் இல்ல!"

"ஓம் ஓம்," என்றார் அன்ரி, கேக்கை வெட்டிக்கொண்டே. "அந்த ஃபவுல் இல்லாத முழங்கையத்தான் சொல்லிக்குடு எண்டுறன்."

மாமா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது சட்டிக்குள் கைவிட்டுக் கடைசி மீன் துண்டை எடுத்தாலும், பஸ்ஸில் ஜன்னலோரத்தைப் பிடித்தாலும், அதற்குப் பெயர் 'ஃபவுல் இல்லாத முழங்கை'. அம்மாகூடச் சொல்கிறார். நான் எதிர்த்துப் பேச வாயெடுத்தால், "நடுவர் ஊதல்லயே!" என்று குடும்பமே சேர்ந்து எனக்காகச் சொல்லிவிடுகிறது.